இந்தியா என்றொரு புகைபோக்கி

(மூன்றாம் ஆண்டு, பி.ஏ. வரலாறு)

நம் பாடநூல்களில் இங்கிலாந்தின் நெசவுத் தொழிலுக்கு ஒதுக்கப்பட்டிருக்கும் இடம் மிகச் சிறியது. லங்காஷயர் ஆலைத் துணி வந்தது. நம் கைத்தறி நெசவாளர் வாழ்வு நொடித்தது. இந்த இரண்டு வரிகளோடு பாடம் முடிந்துவிடும். தேர்வுக்கு அது போதும். அவ்விரண்டு வரிகளும் உண்மையே என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்தத் துணி எந்த ஊரில் நெய்யப்பட்டது? அதை நெய்தவர் யார்? அவர்கள் எப்படி வாழ்ந்தார்கள்? அந்த ஆலைகள் பின்னர் என்னவாயின? இக்கேள்விகளை நாம் கேட்பதும் இல்லை. நம்மிடம் யாரும் கேட்பதும் இல்லை.

வரலாறு படிப்பவன் என்ற முறையில் இவற்றுக்கு விடை தேடிப் படித்தபோது ஓர் ஊர் என் கண்ணில் பட்டது. அவ்வூரின் பெயர் டார்வென். பரிணாமக் கொள்கையைக் கண்ட டார்வினுக்கும் இவ்வூருக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. இது அங்கு ஓடும் சிற்றாற்றின் பெயர். ஆனால் நமக்கும் அவ்வூருக்கும் தொடர்பு உண்டு. அந்தத் தொடர்பையும், பழந்தொழில் மறைந்த ஓர் ஊர் தன் பழமையை எவ்வாறு போற்ற வேண்டும் என்பது பற்றிய என் கருத்தையும் நண்பர்கள் முன்னும் ஆசிரியப் பெருமக்கள் முன்னும் வைக்கவே இக்கட்டுரை.

சந்தை ஊர் ஆலை ஊரானது

மான்செஸ்டருக்கு வடமேற்கே ஏறத்தாழ 20 மைல் தொலைவில், மேடுகளுக்கு இடையே ஒடுங்கிய ஒரு பள்ளத்தாக்கில் டார்வென் அமைந்திருக்கிறது. சுமார் முப்பதாயிரம் பேர் வாழும் சிறு நகரம். ஊரைச் சுற்றிலும் புல்லும் குறும்புதரும் மண்டிய மேட்டு நிலம். நடுவூரில் 1882-ஆம் ஆண்டில் கட்டப்பட்ட சந்தைக் கூடம். நம் ஊர்களில் வாரச் சந்தை எப்படியோ, அப்படித்தான் அந்நாட்டுச் சிற்றூர்களுக்கும் சந்தை. அதைச் சுற்றித்தான் ஊர்.

தொடக்கத்தில் அங்கும் கைத்தறிதான். வீட்டில் தறி, வீட்டாரே நெசவாளர். பின்னர் விசைத்தறி வந்தது. கைத்தறியாளர் கூலி சரிந்தது. 1826-ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் பசி பொறுக்காத நெசவாளர்கள் கூட்டங் கூட்டமாகப் புறப்பட்டு, அக்கிரிங்டன், பிளாக்பர்ன், டார்வென் ஆகிய ஊர்களின் ஆலைகளுக்குள் புகுந்து விசைத்தறிகளை உடைத்தெறிந்தனர். இந்தச் செய்தியைப் படித்தபோது நான் சற்று நின்று யோசித்தேன். விசைத்தறி முதலில் வயிற்றில் அடித்தது நம் நெசவாளனை அன்று, அவ்வூர் நெசவாளனைத்தான். நம் பாடத்தின் இரண்டு வரிகளில் இதற்கு இடம் கிடைக்கவில்லை.

இயந்திரம் நின்று நிலைத்தது. ஊரெங்கும் ஆலைகள் எழுந்தன. பருத்தி மட்டுமன்று, சுவரில் ஒட்டும் அச்சுத் தாளை உருளைகள் கொண்டு விரைவாக அச்சிடும் இயந்திரத்தை 1839-ஆம் ஆண்டில் உருவாக்கியவர்களும் இவ்வூரைச் சேர்ந்த பாட்டர் குடும்பத்தாரே.

303 அடி உயரம்

டார்வெனின் அடையாளம் ஒரு புகைபோக்கி. எக்கிள்ஸ் ஷாராக் என்ற ஆலை முதலாளி எழுப்பிய பெரிய பஞ்சாலை ஒன்றின் புகைபோக்கி அது. கட்டட வேலை 1859-ஆம் ஆண்டில் தொடங்கி 1867-ஆம் ஆண்டில் முடிந்தது. இடையில் அமெரிக்க உள்நாட்டுப் போர் மூண்டு, பஞ்சு வரத்து நின்று, லங்காஷயர் முழுவதும் ஆலைகள் மூடப்பட்டு மக்கள் கஞ்சிக்கு வரிசையில் நின்ற ஆண்டுகளும் அடங்கும். புகைபோக்கியின் உயரம் 303 அடி. நம் திருவரங்கத்து இராசகோபுரம் 236 அடி என்பதை நினைத்தால் அதன் உயரம் விளங்கும். வெனிஸ் நகரத்து மணிக்கூண்டைப் போல, பல நிறச் செங்கற்களைக் கொண்டு அழகுற எழுப்பியிருக்கிறார்கள். புகை போவதற்கு இத்தனை அழகு எதற்கு என்று கேட்கத் தோன்றும். பணம் கொழித்த காலம். கொழிப்பைக் காட்டிக்கொள்ள ஒரு கோபுரம் வேண்டியிருந்தது.

அந்த ஆலையின் பெயர் என்ன தெரியுமா? ‘இந்தியா மில்’.

பெயர்க் காரணத்தைத் தேடித் துருவ வேண்டியதில்லை. அவ்வட்டாரத்துத் தறிகளின் பெருஞ்சந்தை இந்தியாவாகவே இருந்தது. நாம் உடுக்கும் வேட்டியை அவர்கள் நெய்தார்கள். ‘தோத்தி’ என்ற நம் நாட்டுச் சொல் அவர்களுடைய ஆலைகளில் அன்றாடச் சொல்லாயிற்று. 1913-ஆம் ஆண்டில் பிரிட்டன் ஏற்றுமதி செய்த பருத்தித் துணி ஏறத்தாழ 700 கோடி கஜம். அதில் 300 கோடி கஜம் அளவுக்கு இந்தியாவுக்கே வந்து சேர்ந்தது. நாம் வாங்கினால் அங்கே அடுப்பு எரியும். நாம் வாங்காவிட்டால் அடுப்பு அணையும் என்ற நிலை.

ஒரே ஆண்டில் இரண்டு செய்திகள்

ஊருக்கு மேற்கே உள்ள மேட்டு நிலத்தின் வழியாக மக்கள் தொன்றுதொட்டு நடந்து வந்தார்கள். நில உரிமையாளர் தரப்போ பறவை வேட்டைக்காக அந்த நிலத்தைக் காத்து, காவலர்களை நிறுத்திப் பாதைகளை மறித்தது. 1878-ஆம் ஆண்டில் பூசல் முற்றியது. தடையை மீறி நடந்த ஐவர் மீது வழக்குத் தொடரப்பட்டது. ஆண்டுகள் பல கழிந்து, 1896-ஆம் ஆண்டில் மக்களின் நடைவழி உரிமை நிலைநாட்டப்பட்டது. அவ்வாண்டு செப்டம்பர் திங்களில் ஊரார் ஊர்வலமாக மேடேறிச் சென்று அந்த வெற்றியைக் கொண்டாடினர். அதன் நினைவாகவும், விக்டோரியா அரசியாரின் வைர விழா நினைவாகவும் மேட்டின் உச்சியில் 85 அடி உயரக் கோபுரம் ஒன்றை எழுப்பி 1898-ஆம் ஆண்டு செப்டம்பர் 24-ஆம் நாள் திறந்தனர். ஏட்டில் அது அரசியார் பெயரால் அமைந்தது. ஆயினும் அதை எண்ணும்போது பாதையை மீட்ட மக்களே என் நினைவுக்கு வருகிறார்கள்.

அதே 1896-ஆம் ஆண்டில் வேறொன்றும் நடந்தது. இந்திய ஆலைகளில் நெய்யப்படும் துணியின் மீது நூற்றுக்கு மூன்றரை விழுக்காடு உற்பத்தி வரி விதிக்கப்பட்டது. இந்திய ஆலைத் துணி தங்கள் துணியோடு போட்டியிடக் கூடாது என்று லங்காஷயர் ஆலைத் தரப்பு கொடுத்த நெருக்கடியே அதற்குக் காரணம். தன் நாட்டில் விளையும் பொருளை உருவாக்கும் தொழிலைத் தன் அரசே தண்டித்த கொடுமை அது. 1926-ஆம் ஆண்டில்தான் அவ்வரி அடியோடு நீக்கப்பட்டது.

ஓர் ஊர் மக்கள் தங்கள் பாதையை மீட்டுக்கொண்ட அதே ஆண்டில், அவ்வூர்த் தொழிலின் நலனுக்காகக் கடல் கடந்த நாட்டின் தொழிற்பாதை மறிக்கப்பட்டது. இவ்விரண்டையும் ஒருசேர நினைவில் வைத்துக்கொள்வதுதான் வரலாற்றுணர்வு என்பது என் கருத்து. ஒன்றை மட்டும் சொன்னால் அது புகழுரை; மற்றதை மட்டும் சொன்னால் அது வசைமொழி.

மதுரையிலிருந்து டார்வெனுக்கு

1921-ஆம் ஆண்டு செப்டம்பர் 22-ஆம் நாள், மதுரை மேலமாசி வீதியில் தங்கியிருந்த காந்தியடிகள் தம் மேலாடையையும் தொப்பியையும் துறந்து அரையாடைக்கு மாறினார் என்பதை நாம் அனைவரும் அறிவோம். ‘ஆள் பாதி, ஆடை பாதி’ என்று சொல்லும் நாட்டில் அம்முடிவு எளிதன்று. அயல்நாட்டுத் துணியைத் துறக்கச் சொன்னவர், கதர் வாங்கவும் வழியற்ற ஏழைகளின் உடையைத் தம் உடையாக்கிக் கொண்டார்.

சரியாகப் பத்தாண்டுகள் கழிந்தன. இரண்டாம் வட்டமேசை மாநாட்டுக்காக லண்டன் சென்றிருந்த காந்தியடிகள், அதே அரையாடையுடன் லங்காஷயருக்குப் பயணமானார். டார்வெனில் ஆலை நடத்திய டேவிஸ் குடும்பத்தாரின் அழைப்பை ஏற்று, 1931-ஆம் ஆண்டு செப்டம்பர் 25-ஆம் நாள் இரவு அங்குள்ள ஸ்பிரிங் வேல் நிலையத்தில் இறங்கினார். எந்த மக்கள் தம்மால் வேலையிழந்தார்கள் என்று உலகம் சொன்னதோ, அந்த மக்கள் நடுவிலேயே தங்கினார்.

அந்தக் காலத்து டார்வெனை எண்ணிப் பாருங்கள். ஆலைகளில் பாதி நாள் வேலை, அல்லது வேலையே இல்லை. ஒரு நெசவாளி நான்கு தறிகளைப் பார்த்தது போதாது, எட்டுத் தறிகளைப் பார்க்க வேண்டும் என்று முதலாளிகள் வற்புறுத்தியதால் அவ்வாண்டு சனவரித் திங்களில் கதவடைப்பே நடந்திருந்தது. அப்படிப்பட்ட ஊரில் காந்தியடிகளை மக்கள் கல்லால் அடித்திருந்தால்கூட வியப்பதற்கில்லை. நடந்தது என்ன? மறுநாள் கிரீன்ஃபீல்டு ஆலையின் முன்னே எடுத்த ஒளிப்படத்தைப் பலர் பார்த்திருக்கலாம். ஆலைத் தொழிலாளப் பெண்கள் அவரைச் சூழ்ந்து நின்று, கைகளை உயர்த்தி வாழ்த்தொலி எழுப்புகிறார்கள். நடுவே அவர் வெள்ளைப் போர்வையுடன் நிற்கிறார்.

அவர் அங்கே இனிப்பான பேச்சுப் பேசவில்லை. துணி மறுப்புக்காக வருத்தம் தெரிவிக்கவும் இல்லை. உங்கள் நாட்டில் முப்பது லட்சம் பேர் வேலையின்றி இருக்கிறார்கள். எங்கள் நாட்டில் கோடிக்கணக்கானோர் ஆண்டில் பாதி நாள் வேலையின்றி இருக்கிறார்கள் என்ற கருத்தைத்தான் எடுத்துரைத்தார். அதைக் கேட்ட வேலையிழந்த தொழிலாளி ஒருவர், தாம் இந்தியாவில் பிறந்திருந்தால் தாமும் இதையேதான் சொல்லியிருப்பேன் என்ற பொருள்படப் பேசினார் என்று காந்தியடிகளின் வாழ்க்கை வரலாற்றில் படிக்கிறோம். தன் வயிறு காய்ந்திருக்கும்போது பிறன் வயிற்றைப் பற்றி எண்ணும் மனம் எளிதில் வாய்ப்பதன்று.

‘நன்றாக வேண்டும்’ என்பவர்களுக்கு

இந்தச் செய்திகளை நண்பர்களிடம் சொன்னபோது ஒருவர், “அவர்கள் விதைத்ததை அவர்களே அறுத்தார்கள், நன்றாக வேண்டும்” என்றார். அந்தச் சினத்தில் நியாயம் இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் விதைத்தவர் யார், அறுத்தவர் யார் என்று பிரித்துப் பார்க்க வேண்டாமா?

வரி விதிக்கச் சொன்னவர்கள் மாளிகையில் இருந்தார்கள். தறியில் நின்றவர்கள் நெருக்கமான வரிசை வீடுகளில் இருந்தார்கள். விடியுமுன் நீண்ட கழியால் சன்னலைத் தட்டி அவர்களை எழுப்புவதற்கென்றே தெருவுக்கு ஓர் ஆள் வருவான். கல் பாவிய தெருவில் மரக்கட்டை அடியிட்ட காலணிகள் கடகடவென ஒலிக்க ஆலைக்கு ஓடுவார்கள். உள்ளே தறிகளின் இரைச்சலில் ஒருவர் பேசுவது மற்றவர் காதில் விழாது. ஆகவே உதட்டசைவைப் பார்த்தே பேசப் பழகிக்கொண்டார்கள். பல ஆண்டுகள் உழைத்தவர்கள் செவித்திறனை இழந்தார்கள். பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் அரை நாள் பள்ளியிலும் அரை நாள் ஆலையிலுமாக வளர்ந்தார்கள். அம்முறை சட்டப்படி ஒழிய 1921 வரை ஆயிற்று. ஆண்டுக்கொரு முறை ஊர் ஆலைகள் அனைத்தும் ஒருசேர மூடப்படும் விடுமுறை வாரத்தில் பிளாக்பூல் கடற்கரைக்குப் போய்வருவது அவர்களுடைய பெருமகிழ்ச்சி. இவர்களா நம் நெசவாளரின் பகைவர்கள்?

பின்னர் வந்த அழிவையும் சுமந்தவர்கள் அவர்களே. 1950-களின் இறுதியில் பிரிட்டன் தான் விற்கும் பருத்தித் துணியைவிட அதிகம் துணியை வெளியிலிருந்து வாங்கும் நாடாயிற்று. 1959-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, ஆலை முதலாளிகள் தங்கள் தறிகளையும் கதிர்களையும் உடைத்துப் போட அரசே பணம் கொடுத்தது. 1826-இல் பசித்தவன் தறியை உடைத்தபோது அது குற்றம். 1959-இல் அரசு பணம் கொடுத்து உடைக்கச் செய்தபோது அது திட்டம்! இந்தியா மில்லும் 1991-ஆம் ஆண்டில் ஆலையாக இயங்குவதை நிறுத்தியது.

எது மரபு?

இனி என் கேள்விக்கு வருகிறேன். தொழில் போன ஓர் ஊர் எதைக் காக்க வேண்டும்?

டார்வென் சிலவற்றைக் காத்திருக்கிறது. இந்தியா மில் இடிக்கப்படவில்லை. பிற்பாடு அது அலுவலகங்களுக்கும் தொழில்களுக்கும் இடமாயிற்று. ஆலையை இயக்கிய பழைய நீராவி எஞ்சின் வெளியே காட்சிக்கு வைக்கப்பட்டது. புகைபோக்கி சட்டப் பாதுகாப்புப் பெற்ற சின்னமாயிற்று. மேட்டுக் கோபுரத்தின் உச்சிக் கவிகை 2010-ஆம் ஆண்டுப் பெருங்காற்றில் சிதைந்தபோது, 2012-இல் துருப்பிடிக்காத எஃகினால் புதியது செய்து பொருத்தினார்கள். அமெரிக்கச் செல்வர் கார்னகியின் நன்கொடையில் 1908-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட நூலகமும் அவ்வூரின் பெருமைகளுள் ஒன்று. பருத்தி போனாலும் தொழிலறிவு போய்விடவில்லை. ‘பெர்ஸ்பெக்ஸ்’ என்னும் கண்ணாடி போன்ற நெகிழிப் பலகையும் வண்ணப்பூச்சும் இவ்வூரின் பெயரை வெளியே கொண்டு சென்றன.

இவை பாராட்டத்தக்கவை. என்றாலும் கல்லையும் செங்கல்லையும் காப்பது மட்டும் மரபைக் காப்பதாகாது. அழகிய கட்டடம் என்று மட்டும் கண்டு மகிழ்ந்தால், அதன் நிழலில் காது கேளாமல் போன பெண்ணும் தெரிய மாட்டாள். அதன் பெயரில் அடங்கிய நாட்டில் தறியை மூட்டை கட்டிய நெசவாளனும் தெரிய மாட்டான். ‘இந்தியா’ என்ற பெயரைப் படிக்கும் டார்வென் சிறுவன், அந்தப் பெயர் எப்படி வந்தது, அதனால் யார் வாழ்ந்தார்கள், யார் வீழ்ந்தார்கள் என்பதையும் படிக்க வேண்டும். அந்த நகராட்சி எல்லைக்குள் இன்று மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டோர் ஆசிய வழியினர் என்று 2021-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு காட்டுகிறது. அருகிலுள்ள பிளாக்பர்னில் இரவுப் பணி செய்து நொடிந்த ஆலைகளுக்கு முட்டுக்கொடுத்தவர்களில் இந்தியரும் பாகிஸ்தானியரும் உண்டு. எனவே அந்தப் புகைபோக்கியின் கதை வெள்ளையர் கதை மட்டுமோ நம் கதை மட்டுமோ அன்று. இருவருக்கும் பொதுவான கதை.

எனவே என்னைக் கேட்டால், டார்வெனின் தலைசிறந்த மரபுச் சின்னம் 303 அடிப் புகைபோக்கி அன்று என்பேன். மக்கள் மீட்ட அந்த மேட்டுப் பாதையும், ஆலை வாயிலில் எடுத்த அந்த ஒளிப்படமுமே தலைசிறந்தவை. முதலாவது, எளியோர் தம் உரிமையைக் கேட்டுப் பெற்றதற்குச் சான்று. இரண்டாவது, எளியோர் தம் துன்பத்தையும் மீறிப் பிறர் உரிமையை மதித்ததற்குச் சான்று. பணம் ஒரு புகைபோக்கியை எழுப்பிவிடும். இவ்விரண்டையும் பணம் எழுப்பாது.

நம் கடமை

அயலூரைப் பற்றி இவ்வளவு பேசும் நாம் நம் ஊரை எண்ண வேண்டாமா? 1921-ஆம் ஆண்டில் மாபெரும் வேலைநிறுத்தம் கண்ட சென்னைப் பக்கிங்காம் – கர்நாடிக் ஆலை 1996-ஆம் ஆண்டில் மூடப்பட்டது. கோவையிலும் மதுரையிலும் சங்கு ஊதி ஊரை எழுப்பிய ஆலைகள் பல ஓய்ந்துவிட்டன. கட்டடங்களைக் காக்கும் வசதி நம் கையில் இல்லாமல் இருக்கலாம். ஆனால் அங்கே உழைத்தவர்கள் பலர் இன்னும் நம் தெருக்களில் இருக்கிறார்கள். இங்கே படிக்கும் பலருடைய பாட்டனாரும் பாட்டியாரும் அவர்களுள் இருப்பர். மூன்று ஷிப்டு வேலையும், பஞ்சுத் தூசி படிந்த தலைமுடியும், போனஸ் நாள் பலகாரமும், கதவடைப்புக் காலத்துக் கடனும் அவர்கள் சொன்னால்தான் நமக்குத் தெரியும். அவர்கள் மறைந்தால் அவையும் மறையும்.

நம் வரலாற்று மன்றம் வரும் ஆண்டில் இதை ஒரு பணியாக மேற்கொள்ளலாம். ஒவ்வொரு மாணவரும் ஒரு முதிய நெசவாளரையோ ஆலைத் தொழிலாளரையோ சந்தித்து அவர் சொல்வதை அவர் மொழியிலேயே எழுதி வரட்டும். பிழை திருத்த வேண்டாம், அழகுபடுத்த வேண்டாம். அவற்றைத் தொகுத்து நம் கல்லூரி நூலகத்தில் வைத்தால், பிற்காலத்தில் இங்கு வரலாறு படிக்க வருவோருக்கு இரண்டு வரிப் பாடத்தைவிட மேலானதொரு பாடம் கிடைக்கும். ஆசிரியப் பெருமக்கள் வழிகாட்டினால் நாம் செய்து முடிக்க இயலாததன்று இது.

டார்வெனின் வானத்தில் இன்று ஆலைப்புகை இல்லை. ஆனால் அந்தப் பெயர் இன்னும் நிற்கிறது. அவர்கள் அந்தப் பெயரின் முழுப்பொருளையும் தம் பிள்ளைகளுக்குச் சொல்லட்டும். நாம் நம் ஆலைகளின் கதையை, சொல்லுவதற்கு ஆள் இருக்கும்போதே, கேட்டு எழுதி வைப்போமாக!